மூன்றாவது பட்டன்

இரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர். வெந்நீர் பட்டதோ, கறை துணியோடு குடித்தனம் நடத்த ஆரம்பித்துவிடும். அப்புறம் எந்தக் கொம்பன் வந்தாலும் கிளப்ப முடியாது. சலவைக்கடை அம்மாவைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்வாள். டீக் கறை, இங்க் கறை, துருக் கறை, சைக்கிள் செயின் கிரீஸ் என்று ஒவ்வொன்றுக்கும் அவளிடம் ஒரு வைத்தியம் உண்டு. கறையைப் பார்த்தே அது எத்தனை நாள் பழசு, துணிக்காரர் அதைத் தேய்த்து மறைக்கப் பார்த்தாரா இல்லையா என்றுகூடச் சொல்லிவிடுவாள். அந்தத் தெருவில் அவளுக்கு அப்படியொரு பெயர் இருந்தது. இருந்து என்ன பிரயோஜனம்?

அந்த வியாழக்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு, பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய மகன் பின்வாசல் வழியாக வந்து சலவைச் சோடா டிரம்மின் மேல் உட்கார்ந்தபோது, அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டையின் வலது கையைத்தான் பார்த்தாள். ஓரமெல்லாம் சிவப்பு. "கழட்டு, கழட்டு, காயறதுக்குள்ள கழட்டு" என்று பறந்து சட்டையை உருவினாள். பச்சைத் தண்ணீர் வாளியில் அமுக்கி, ஒரு கை உப்பை அள்ளிப் போட்டுக் கசக்கினாள். தண்ணீர் ரோஸ் நிறமாயிற்று. கொட்டிவிட்டு வேறு தண்ணீர் பிடித்தாள். இரண்டாம் தண்ணீரிலும் கசக்கி முடித்த பிறகுதான் மகனின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை.

"யாரோட ரத்தம்டா இது?"

பதினைந்து வயது. மீசை முளைக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது அவனுடைய மேலுதடு. பனியனோடு உட்கார்ந்து வாளியையே பார்த்தான்.

"தம்பி, உன்னத்தான் கேக்கறேன். யாரோட ரத்தம்?"

"அதான் துவைச்சிட்டியே," என்றான். "அப்புறம் என்ன."

எழுந்து, தொங்கிய துணிகளை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

வீடும் கடையும் ஒன்றுதான். முன்னால் கவுண்டரும் இஸ்திரி மேஜையும், நடுவில் மெஷின், பின்னால் சமையலும் படுக்கையும். நாலு நாளாக விடாத மழை. மாடிக் கொடியெல்லாம் சும்மா கிடக்க, வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி லாட்ஜ் பெட்ஷீட்டுகளைக் காயப்போட்டிருந்தார்கள். காயவா செய்தன? தொட்டால் ஜில்லென்று முகத்தில் அறைந்தன. சாப்பாட்டுத் தட்டிலும் சோடா வாடை, தலையணையிலும் சோடா வாடை. அந்த வீட்டில் யார் யாரோடு பேசினாலும் நடுவில் லாட்ஜ்காரரின் பெட்ஷீட் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

கால் மணி நேரத்தில் பள்ளிக்கூடத்துப் பியூன் வந்தார். மழைக்கோட்டுத் தண்ணீரைக் கடை வாசலிலேயே உதறினார்.

"பையன் வந்துட்டானாம்மா?"

"வந்துட்டான். என்னங்க ஆச்சு?"

"என்ன ஆச்சா? நல்லாக் கேட்டீங்க போங்க. காம்பஸால குத்திட்டான்மா. கணக்குப் பீரியடு. தோள்ல ஒண்ணு, கன்னத்துல ஒண்ணு. கன்னத்துல கிழிச்சே விட்டுட்டான். ஒன்பது தையல். ஒரு அங்குலம் மேல போயிருந்தா கண்ணு போயிருக்கும்னு டாக்டரே சொல்லிட்டாரு."

இஸ்திரி மேஜையில் நின்றிருந்த அவள் புருஷன் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "யாரை?"

"வேற யாரு. லாட்ஜ்காரர் மகனைத்தான்."

இரண்டு பேரும் அண்ணாந்து, தலைக்கு மேல் தொங்கிய பெட்ஷீட்டுகளைப் பார்த்தார்கள்.

"நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணை. பையனக் கூட்டிட்டு வந்துடுங்க. போலீசுக்குப் போகாம ஹெட்மாஸ்டர்தான் அவர் கையக் கால புடிச்சு நிறுத்தி வச்சிருக்காரு. நாளைக்கு லாட்ஜ்காரர் புகார் எழுதிக் கொடுத்துட்டா சிறுவர் கோர்ட்டு, ஹோம், அது இதுன்னு போயிடும்." சொல்லிக்கொண்டே பியூன் உள்ளே எட்டிப் பார்த்தார். வாளி கண்ணில் பட்டது. ரோஸ் தண்ணீரில் வெள்ளைச் சட்டை மிதந்தது.

"என்னம்மா இது? அதுக்குள்ள துவைச்சுட்டீங்களா?"

"கறை… காஞ்சா போகாதுங்க."

"ம்," என்றார் பியூன். அந்த ஒரு 'ம்'மை அப்படியே மடித்து எடுத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினார். சாயங்காலத்துக்குள் அது தெருவெல்லாம் பரவிவிட்டது. சலவைக்காரி சாட்சியைத் துவைத்து ஊற்றிவிட்டாளாம்!

காரணம் சொல்ல ஆளுக்கா பஞ்சம்? துணி வாங்க வருகிற சாக்கில் ஆளுக்கொன்று கொடுத்துவிட்டுப் போனார்கள். பக்கத்துத் தையற்கடை அக்கா அடித்துச் சொன்னாள்: "போன்தான்டி. ராத்திரியெல்லாம் அதுல சுட்டுக்கிட்டே இருக்குதுங்க. பகல்ல கை சும்மா இருக்குமா?"

"அவன்கிட்ட போனே இல்லையேக்கா."

"அப்ப அதான். இல்லாத ஏக்கம்."

எதிர்க்கடை மருந்துக்காரர் வயசுக் கோளாறு என்றார். ரொட்டிக்கடைக்காரர், இந்தக் காலத்தில் வாத்தியார்கள் அடிப்பதில்லை, அதுதான் என்றார். கடைசியாகப் புருஷனும் ஒன்று சொன்னார். அவர் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். பேச வேண்டியதையெல்லாம் பெட்டியில் வைத்துத் தேய்த்துவிடுகிற மனிதர். "நீ கொடுத்த செல்லம்."

"நான் கொடுத்தேனா? விடிஞ்சா மெஷின், பொழுது போனா மெஷின். செல்லம் கொடுக்க எனக்கு ஏதுங்க நேரம்?"

"அப்ப அதான்," என்றார் அவரும்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர்கள் சொல்வது எதுவும் இல்லை, தன் பிள்ளை தன்னிடம் எதையோ மறைக்கிறான் என்று மட்டும் அவளுக்குத் தோன்றிற்று. எத்தனை மாதமாக அவன் சரியாகப் பேசுவதில்லை? சோற்றில் முட்டையை உடைத்துப் போட்டால் சாப்பிடுவான், போடாவிட்டாலும் சாப்பிடுவான். ஏன் போடவில்லை என்று கேட்டுக் கத்துகிற பிள்ளை அவன். கத்துவதை எப்போது நிறுத்தினான்? காம்பஸைக் கூர் தீட்டி வைத்திருந்தானோ? நாள் பார்த்துக் காத்திருந்தானோ? பெற்ற பிள்ளையைப் பற்றி இப்படியெல்லாம் நினைக்கக் கூடாதுதான். நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அவள் அவனுடைய பையைக் கொட்டினாள். நோட்டுகளைப் புரட்டினாள். அலமாரியில் இருந்த இரண்டு பேண்ட்டையும் எடுத்து, தொழில்காரியின் விரலை விட்டுப் பாக்கெட்டின் மூலை வரைக்கும் துழாவினாள். ஒன்றும் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. பாக்கெட்டைக் காட்டு, ஆளைச் சொல்கிறேன் என்று பீற்றிக்கொள்கிறவள் அவள். அந்த வயதுப் பையன்கள் பாக்கெட்டில் மிட்டாய்க் காகிதம், பஸ் டிக்கெட், பேனா மூடி, கல், ரப்பர் பேண்ட் என்று ஒரு குப்பைத்தொட்டியே இருக்கும். இவன் பாக்கெட் மட்டும் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. ஒரு தூசிகூட இல்லாத பாக்கெட்டோடு எந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகும்?

"எங்கடா மறைச்சு வச்சிருக்க?"

"எத?"

"எதையோ!"

அவன் போர்வையைத் தலை வரைக்கும் இழுத்துக்கொண்டான்.

நாலு மணிக்கு லாட்ஜ் ஆள் தள்ளுவண்டியோடு வந்தான். வாரம் இரண்டு முறை சிரித்துக்கொண்டே வருகிறவன். இன்றைக்குக் கவுண்டருக்கு வெளியிலேயே நின்றான்.

"அக்கா, பெட்ஷீட்ட எல்லாம் எடுத்துட்டு வரச் சொல்லிட்டாரு."

"ஈரமா இருக்கேப்பா. இன்னும் பாதிகூடக் காயல."

"ஈரத்தோடயே எடுத்துட்டு வரச் சொன்னாரு. அவங்க வீட்டுத் துணியும். தம்பியோட யூனிஃபாரம் ரெண்டு செட்டு உங்ககிட்ட இருக்காமே." அவனுக்கே ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும். "நான் என்னக்கா பண்றது, சொன்னதச் செய்யறேன்."

புருஷன் ஒவ்வொரு பெட்ஷீட்டாக உருவி மடிக்க ஆரம்பித்தார். ஈரத்துணியைக்கூட அவர் மூலைக்கு மூலை சேர்த்துத்தான் மடித்தார். அவள் லாட்ஜ்காரர் வீட்டு மூட்டையை அவிழ்த்தாள். புதன்கிழமை வந்த மூட்டை. மழையால் இன்னும் துவைக்கவில்லை. அப்படியே கட்டிக் கொடுத்திருக்கலாம். ஆனால் பாக்கெட் பார்க்காமல் ஒரு துணியை அவள் கை தாண்டவிட்டதே கிடையாது. பையனின் பேண்ட்டை எடுத்தாள். விரலை விட்டாள். மூலையில் ஒரு பட்டன்.

பட்டன் கிடைப்பது புதிதல்ல. பாக்கெட்டில் கிடைப்பது துணிக்காரருக்கே என்பது அந்தக் கடையின் சட்டம். சாவி, மோதிரம், சீட்டு எதுவானாலும் ஒரு உறையில் போட்டுத் துணியோடு குத்தி அனுப்பிவிடுவாள். பட்டனுக்கு மட்டும் அந்த மரியாதை கிடையாது. யாரும் வந்து என் பட்டன் எங்கே என்று கேட்டதில்லை. அது கவுண்டருக்கு அடியில் உள்ள கண்ணாடி பாட்டிலுக்குப் போகும். யார் சட்டையிலாவது பட்டன் இல்லையென்றால் அந்தப் பாட்டிலிலிருந்து எடுத்துத் தைத்துக் கொடுப்பாள். இந்தப் பட்டனையும் கை தானாகப் பாட்டிலுக்குக் கொண்டுபோயிற்று. போடுகிற நேரத்தில் விரல் நுனியில் ஏதோ குத்திற்று.

ஓரத்தில் நகத்தளவு உடைந்த பட்டன்.

அந்த உடைசல் அவளுக்குத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமைதான் மகனின் சட்டையில், மேலிருந்து மூன்றாவது இடத்தில், அவளே அதைத் தைத்தாள். அதற்கு முந்தின மாதமும் அதையேதான் தைத்தாள். ஞாயிற்றுக்கிழமை அவன் பக்கத்தில் வந்து நின்று, "அந்த உடைஞ்ச பட்டன் வேணாம்மா," என்றான்.

"ஏன், பட்டன் என்ன மரத்துலயா காய்க்குது? உனக்கு மட்டும் எப்படிடா வாரத்துக்கு ரெண்டு பிய்யுது? வர்ற வழியெல்லாம் பிச்சுப் போட்டுட்டு வர்றியா?" என்று அவள் கத்தினாள். அவன் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் சட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பட்டனைப் பாட்டிலில் போடாமல் கைக்குள் வைத்துக்கொண்டாள். லாட்ஜ்காரர் மகன் சட்டையில் என்றைக்காவது ஒரு பட்டன் குறைந்திருக்கிறதா? ஒரு நாளும் இல்லை. ஆனால் அவன் பாக்கெட்டில் மட்டும் வாரா வாரம் பட்டன். தன் மகன் சட்டையில் வாரா வாரம் பட்டன் இல்லை. இரண்டு துணியையும் தொட்டது ஒரே கைதான். இந்தப் பட்டன் தொல்லை ஆரம்பித்து எட்டு மாதம் இருக்கும். அடப்பாவி, எட்டு மாசமா!

வாளிக்கு ஓடினாள். சட்டையைப் பிழிந்து விரித்தாள். கறையைப் பார்த்த அவசரத்தில் அதைக் கவனிக்கவில்லை. மூன்றாவது பட்டன் இல்லை. புதன்கிழமை காலையில் வேறொரு பட்டன் தைத்துக் கொடுத்தாளே, அதுவும் போயிருந்தது. நூலை வெளிச்சத்தில் பார்த்தாள். இழுத்துப் பிய்த்த நூல் பிசிறு பிசிறாக நிற்கும். இது ஒரே மட்டத்தில் நின்றது. பிளேடு வைத்து அறுத்தது.

மிச்சமிருந்த பெட்ஷீட்டுகளைக் கிழிக்காத குறையாக விலக்கிக்கொண்டு மகனிடம் போனாள். உள்ளங்கையை நீட்டினாள்.

"இது அவன் பாக்கெட்ல எப்படிடா வந்துச்சு?"

அவன் எழுந்து உட்கார்ந்தான். பட்டனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவன் கண்ணில் பயம் இல்லை. ஒரு கேலி இருந்தது. பெரியவர்களைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்கிற கேலி.

"இப்பத்தான் தெரிஞ்ச மாதிரி கேக்கற."

"என்னடா சொல்ற?"

"நடிக்காதம்மா. அவன் பேண்ட்டு பாக்கெட்ட யார் பாக்கறது? நீதான். பட்டன யார் எடுக்கறது? நீதான். எடுத்து யாருக்குத் தைக்கற? எனக்குத்தான். அதே பட்டன். உடைஞ்சது வேணாம்னுகூடச் சொன்னேன். காதுலயே போட்டுக்கலயே நீ."

"சத்தியமா எனக்குத் தெரியாதுடா."

"முதுகுல இங்க் ஊத்தினாங்க. எந்தக் கிறுக்கன்கூடடா சேர்றன்னு கேட்டுட்டு எடுத்துட்ட. ஷூவோட மிதிச்சாங்க. தடம் தெரியாம வெளுத்துட்ட. அடுத்த நாள் புதுச் சட்டை மாதிரி போய் நிப்பேன். 'சோப்பு வந்துட்டான், இன்னைக்கு எந்தப் பட்டன்'னு கேப்பானுங்க. பாக்கெட்ட வெளியே இழுத்து விட்டு, இருக்கறத எடுத்துப்பானுங்க. அப்புறம் ஒரு பட்டன்." அவன் குரல் உடைந்து உடைந்து வந்தது. "உனக்குத் தெரியும்னுதான் நெனச்சேன். தெரிஞ்சுதான் தைக்கறன்னு நெனச்சேன். பெட்ஷீட்டு போயிடுமேன்னு."

அவள் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். யாரைச் சந்தேகப்பட்டு மத்தியானத்திலிருந்து துழாவிக்கொண்டிருந்தாள்? அவன் எட்டு மாதமாக அவளைச் சந்தேகப்பட்டிருக்கிறான்.

"இன்னைக்கு என்னடா ஆச்சு?"

"இன்னைக்கு அவனே சொன்னான். 'உங்கம்மாவுக்கு எல்லாம் தெரியும்டா சோப்பு. அவ வாயத் தொறக்க மாட்டா. எங்க பெட்ஷீட்டு இல்லேன்னா உங்க வீட்ல அடுப்பு எரியுமா'ன்னு."

"அதுக்காகக் குத்தினியா? அவன் சொன்னதுக்காகவா?"

"சொன்னதுக்காக இல்ல." மகன் முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். "நிஜம்னு தோணிச்சு. அதான்."

அப்புறம் முகத்தை எடுக்காமலே கேட்டான்: "கண்ணுல படலதானேம்மா?"

"படல. ஒரு அங்குலம்டா. ஒரே அங்குலம்." அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "உன் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தாலும் அது அவன் மூஞ்சிடா. துவைச்சா போற கறையா அது?"

புருஷன் எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. கேட்டிருக்கிறார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரொட்டியும் டீயும் வைத்தாள். மூன்று பேரும் தட்டைத் தொட்டதோடு சரி. பையன் அந்தப் பக்கம் போனதும் புருஷன் மெதுவாகச் சொன்னார்: "நாளைக்குக் கை தவறிப் பட்டுடுச்சுன்னு சொல்லச் சொல்லு. நான் லாட்ஜ்காரர் கால்ல விழுந்துடறேன். பழைய கதையெல்லாம் எடுத்தா அவருக்கு இன்னும் கோவம் வரும். எழுதிக் கொடுத்துட்டார்னா பையன் வாழ்க்கையே போச்சு."

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"புள்ள வீட்ல இருக்கணும்னு சொல்றேன்." கொஞ்சம் நிறுத்திக் கேட்டார், கோபமில்லாமல்தான் கேட்டார்: "நிஜமாவே உனக்குத் தெரியாதா?"

"நீங்களுமா?"

"இல்ல… கறையப் பாத்தே எல்லாத்தையும் சொல்றவளாச்சேன்னு கேட்டேன்."

அந்த மனிதர் அதோடு படுத்துத் தூங்கியும் போனார். அந்தக் கேள்வி அவளைத் தூங்கவிடவில்லை. தெரியாதா? இங்க் கறை முதுகில் எப்படி வரும்? பையன் தன் முதுகில் தானே ஊற்றிக்கொள்வானா? அந்தக் கேள்வி அவளுக்கு ஒரு நாளாவது வராமலா இருந்திருக்கும்? வந்தது. வந்த மாதிரி இருந்தது. ஸ்பிரிட் பாட்டிலை எடுத்ததும் போய்விட்டது. கறை போனதும் கேள்வியும் போய்விட்டது. ஏன் போயிற்று? அதற்கு மேல் நினைக்கப் பயமாக இருந்தது.

காலையில் சட்டை முக்கால் ஈரத்தில் இருந்தது. புருஷன் பெட்டியை வைத்துத் தேய்த்தே காயவைத்தார். ஆவி பறந்தது. பட்டன் பாட்டிலையும் ஊசியையும் எடுத்து அவள் பக்கம் தள்ளினார்.

"தைக்கல," என்றாள்.

"பட்டன் இல்லாமயா கூட்டிட்டுப் போவ? சலவைக்கடைக்காரன் புள்ளன்னு ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். இத்தனை நாள் தச்சுத் தச்சுத்தான் இங்க வந்து நிக்கறோம்." ஊசியை அங்கேயே விட்டுவிட்டுப் பாட்டிலை மட்டும் பையில் போட்டுக்கொண்டாள்.

ஹெட்மாஸ்டர் அறையில் ஈரக் குடைகள் மூலையில் சாய்ந்திருந்தன. லாட்ஜ்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் சம்சாரம், நேற்றிலிருந்து தலை வாராத கோலம், மடியில் மருந்துக் கவர். எழுதத் தயாராக மேஜையில் ஒரு காகிதமும் இருந்தது. இவர்கள் மூன்று பேரையும் யாரும் உட்காரச் சொல்லவில்லை. மகன் சட்டையின் மூன்றாவது இடத்தைக் கையால் பொத்திக்கொண்டு நின்றான்.

"சட்டையப் பாருங்க சார்," என்றார் லாட்ஜ்காரர். "பளபளன்னு வெளுத்து மாட்டிவிட்டுக் கூட்டிட்டு வந்திருக்காங்க. என் புள்ள ரத்தம் அது. ஒரு பொம்பள அஞ்சு நிமிஷத்துல அதத் துவைக்கறான்னா என்ன அர்த்தம்? குடும்பமே சேர்ந்து செய்யுது."

புருஷன் ஒரு அடி முன்னால் வைத்தார். காலில் விழத்தான். அவள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"துவைச்சேன் சார். தப்புதான்," என்றாள் ஹெட்மாஸ்டரைப் பார்த்து. "ஆனா நேத்து மட்டும் துவைக்கல. எட்டு மாசமாத் துவைக்கறேன். முதுகுல ஊத்தின இங்க்கு, மிதிச்ச ஷூத் தடம், எல்லாத்தையும் இவனத் திட்டித் திட்டியே துவைச்சேன்." பாட்டிலைத் திறந்து மேஜையில் கவிழ்த்தாள். பட்டன்கள் ஓடின, இரண்டு மூன்று தரையில் விழுந்து உருண்டன. "வாரத்துக்கு ரெண்டு பட்டன் அறுப்பாங்களாம் சார். விளையாட்டாம். அறுத்த பட்டன் அவங்க பையன் பாக்கெட்டுக்குப் போகும். அந்த பேண்ட்டு என் கடைக்கு வரும். நான் அத எடுத்து இவனுக்கே தச்சு அனுப்புவேன். இதுல எது எதுன்னு எனக்குத் தெரியாது, தெரியும்னு சொன்னா பொய். இது ஒண்ணு தெரியும்." உடைந்ததை எடுத்துத் தனியாக வைத்தாள். "ஞாயித்துக்கிழமை நான் தச்சது. நேத்து அவங்க பையன் பேண்ட்டுல இருந்துச்சு."

"ஒரு பட்டனுக்காக ஆளக் குத்துவானா?" லாட்ஜ்காரர் எழுந்துவிட்டார். "என் புள்ளைக்கு மூஞ்சியில தையல் போட்டிருக்கு!"

"குத்தினது குத்தினதுதாங்க. இந்தப் பாட்டில் பட்டன் அத்தனையும் சேர்ந்தாலும் உங்க புள்ள கன்னத்துக்கு ஈடாகாது. அதுக்கு என்ன சொல்றீங்களோ கட்டுப்படறோம். ஏன் குத்தினான்னு கேப்பீங்கன்னுதான் எடுத்துட்டு வந்தேன். நேத்துலேருந்து யாரும் அத எங்கிட்ட கேக்கல. எல்லாரும் சொல்லத்தான் செஞ்சாங்க."

"பாக்கெட்டப் பாத்தேன், பட்டன எடுத்தேன்னு நீயே சொல்ற," என்றார் லாட்ஜ்காரர். ஆள் லேசுப்பட்டவர் இல்லை. "அப்ப உனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டு எட்டு மாசம் என் வீட்டுத் துணிய வாங்கிக்கிட்டுத்தானே இருந்த? அப்பல்லாம் வாய் எங்க போச்சு?"

மகன் நிமிரவில்லை, ஆனால் அவன் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது அவளுக்குத் தெரிந்தது. தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சத்தியம்கூடப் பண்ணலாம்.

"அதத்தாங்க நானும் ராத்திரியெல்லாம் கேட்டுக்கிட்டிருந்தேன்," என்றாள். "கை எடுத்துச்சு, கண்ணு பாத்துச்சு. முதுகுல எப்படி இங்க்கு வரும்னு ஒரு தடவ தோணிச்சு. தோணினதோட விட்டுட்டேன். கேட்டா என்ன பதில் வருமோ, அதுக்கப்புறம் உங்க பெட்ஷீட்டு வருமோ வராதோங்கற பயத்துலதான் விட்டேனா, வேல மும்முரத்துல விட்டேனா… தெரியல. இல்லவே இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல." அவள் மகனைப் பார்த்துத்தான் இதைச் சொல்லி முடித்தாள். "உன் சந்தேகம் தப்பு இல்லடா தம்பி."

மகனின் கை சட்டையிலிருந்து கீழே இறங்கிற்று.

அப்போதுதான் லாட்ஜ்காரர் சம்சாரம் குனிந்து, தன் காலடியில் கிடந்த ஒரு பட்டனை எடுத்தாள். விரலுக்கிடையில் உருட்டிப் பார்த்தாள்.

"இது எங்க வீட்லயும் இருக்கு," என்றாள்.

"நீ சும்மா இரு," என்றார் அவர்.

"அவன் மேஜை டிராயர்ல. ஒரு டப்பா. எதுக்குடான்னு கேட்டேன். ஸ்கூல்ல ஏதோ செய்யச் சொல்லியிருக்காங்கன்னான். நல்லாச் செய்யிடான்னு சொல்லிட்டு மூடி வச்சிட்டேன்."

"உன்ன சும்மா இருன்னு சொன்னேன்."

"சும்மாதானே இருந்தேன் இத்தனை நாளும்," என்றாள் அந்த அம்மாள். பட்டனை மேஜையில் வைத்துவிட்டு மருந்துக் கவரால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

ஹெட்மாஸ்டர் காகிதத்தை மூடி வைத்தார். குத்திய பையனுக்கு ஒரு மாதம் பள்ளிக்கூடம் கிடையாது, வாரா வாரம் ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றார். பட்டன் அறுத்த மற்ற பையன்கள் யார் யார் என்று திங்கட்கிழமை வகுப்பிலேயே விசாரிப்பதாகச் சொன்னார். வகுப்புக்குப் பக்கத்து அறையில் இருந்துகொண்டு தனக்கு ஏன் இது தெரியவில்லை என்று யாராவது கேட்டுவிடப்போகிறார்களே என்கிற அவசரம் அவர் பேச்சில் இருந்தது. எழுதிக் கொடுப்பதா வேண்டாமா என்று வீட்டில் பேசிவிட்டுச் சொல்வதாக லாட்ஜ்காரர் சொன்னார். பெட்ஷீட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. அது இனி வராது என்று எல்லோருக்கும் தெரியும்.

வெளி வராந்தாவில் புருஷன் குடையை விரிக்க முன்னால் போனார். மழை கொஞ்சம் விட்டிருந்தது. ஜன்னல்களிலிருந்து பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். யாரும் 'சோப்பு' என்று கூப்பிடவில்லை. பயந்த பார்வை பார்த்தார்கள், அது அவளுக்கு இன்னும் வேதனையாக இருந்தது.

"குளிருதாடா? வீட்டுக்குப் போனதும் தச்சுடறேன்," என்றாள் மூன்றாவது பட்டன் இல்லாத இடத்தைப் பார்த்து. "புதுசா வாங்கித் தைக்கறேன்."

"வேணாம்."

"தொறந்துக்கிட்டே போடப்போறியா?"

"அந்த உடைஞ்சது எங்க?"

கிளம்பும்போது மேஜையிலிருந்து அதை மட்டும் எடுத்து வந்திருந்த அவள் உள்ளங்கையைத் திறந்தாள். அவன் அதை எடுத்துக்கொண்டான்.

"நானே தச்சுக்கறேன்."

அதைக் கோபத்தில் சொல்கிறானா, இல்லை, உன்மேல் ஒன்றும் இல்லை என்கிறானா? அவளுக்குப் புரியவில்லை. கேட்டால் இன்றைக்குப் பதில் வராது என்று மட்டும் தெரிந்தது. ஆனாலும் கேட்டாள்.

"என் மேல கோவமாடா?"

அவன் நின்றான். "தெரியல," என்றான். "நாளைக்கும் கேளு."

பட்டனைப் பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, அது விழுந்துவிடாமல் மேலே கையை வைத்தபடி மழையில் இறங்கி நடந்தான்.